மலிவான பம்ப் போதும், மலிவான சிலிண்டர் வேண்டாம்

வாயுவை 200 பார், 300 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வரைக்கும் அழுத்த வேண்டும், ஆனால் பெரிய தொழிற்சாலைக் கம்ப்ரசர் வாங்க வசதியில்லை. இந்த இடத்தில் வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள், ஸ்கூபா டைவிங் செய்பவர்கள், ஆய்வகத்தில் சின்ன உலை (ரசாயன வினை நடக்கும் மூடிய கலன்) ஒன்றில் நைட்ரஜன் ஏற்ற வேண்டிய மாணவர்கள், பட்டறையில் எதையாவது செய்து பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: குறைந்த செலவில் செய்ய முடியுமா, செய்தால் கை கால் உருப்படியாக இருக்குமா?

முடியும். ஆனால் எதில் மிச்சம் பிடிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பம்பில் மிச்சம் பிடிக்கலாம். நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்கலாம். கொள்ளளவைக் குறைத்துக்கொள்ளலாம், அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய மிச்சம். அழுத்தத்தைத் தாங்கி நிற்கிற உலோகத்திலும், அதை மூடுகிற மரையிலும், பாதுகாப்பு வால்விலும் சல்லிக்காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் ஆற்றல் கணக்கு. எல்லோரும் கேஜில் தெரிகிற பார் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கி வரும் எண்ணைப் பார்த்து. 10 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்று இருக்கிறது என்று வையுங்கள். அது திடீரென்று வெடித்து விரிந்தால் வெளியே வரும் ஆற்றல் சுமார் 400 கிலோஜூல், ஏறத்தாழ 100 கிராம் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். 50 லிட்டர் சிலிண்டர் என்றால் அரைக் கிலோ டி.என்.டி. அதே 10 லிட்டர் சிலிண்டரில் காற்றே இல்லாமல் தண்ணீரை நிரப்பி அதே 200 பாருக்கு ஏற்றினால் தண்ணீரில் தேங்கும் ஆற்றல் ஒரு கிலோஜூலுக்கும் குறைவு. தண்ணீர் சுருங்குவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கொஞ்சமாகச் சுருங்குவதால்தான் இப்படி. சிலிண்டரைச் சோதிக்கும் இடங்களில் எல்லாம் தண்ணீரை வைத்தே சோதிப்பதற்கு இதுதான் காரணம். சோதனையில் சிலிண்டர் கிழிந்தால்கூடத் தண்ணீர் கொஞ்சம் பீறிட்டுவிட்டு நின்றுபோகும், காற்று நிற்காது.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் மிச்சம் பிடிக்கும் வழி தானாகத் தெரியும். 10 லிட்டர் தேவையா, 300 மில்லி போதுமா? 300 மில்லி என்றால் அதே 200 பாரில் 12 கிலோஜூல்தான். அதுவும் விளையாட்டு இல்லை, ஆனால் ஒரு இரும்புத் தகட்டுக்குப் பின்னால் வைத்துச் சமாளிக்கக்கூடிய அளவு. ஆய்வகத்தில் உலைக்குள்ளே காலி இடம் அதிகமாக இருந்தால், உலையின் ரசாயனத்துக்கு ஒத்துவரும் உலோகத் துண்டு ஒன்றை உள்ளே போட்டு இடத்தை அடைத்துவிடுங்கள். வாயு குறைவாகச் செலவாகும், ஏற்றும் நேரமும் குறையும், ஏதாவது நடந்தால் சேதமும் குறையும். இவ்வளவு மலிவான பாதுகாப்புச் சாதனம் வேறு கிடையாது.

சரி, சிலிண்டர். இதை நீங்களாகச் செய்யாதீர்கள். குழாய்ச் சுவரின் தடிமனை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு "தாங்கும்" என்று முடிவுக்கு வருகிறவர்கள் இரண்டு பக்க மூடியையும் மறந்துவிடுகிறார்கள். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் 200 பார் ஏற்றினால் ஒவ்வொரு மூடியையும் வெளியே தள்ளும் விசை 4 டன். வீட்டில் போட்ட வெல்டிங்கும், கைக்கு வந்தபடி வெட்டிய மரையும் அந்த 4 டன்னை ஒருமுறை தாங்கலாம். பிரச்சினை என்னவென்றால் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் மரையின் அடியில் ஒரு நுண்ணிய வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளரும், கண்ணுக்குத் தெரியாது. நேற்று தாங்கியது என்பது இன்றைக்குத் தாங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பி.வி.சி. குழாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 200 பார் எல்லாம் வேண்டாம், சாதாரணப் பட்டறைக் கம்ப்ரசரின் 8 பார் காற்றுக்கே அது ஆகாது. குழாயில் தண்ணீருக்கு என்று அச்சடித்திருக்கும் அழுத்தம் தண்ணீருக்குத்தான். காற்று ஏற்றிய பி.வி.சி. உடைந்தால் கிழியாது, கூரான சில்லுகளாகத் தெறிக்கும்.

பழைய தீயணைப்பான்களை வாங்கிச் சிலிண்டராக மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். உலர் பொடித் தீயணைப்பானும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே சிவப்பு. முதலாவது 15 பார் சுமாருக்குச் செய்த மெல்லிய தகடு, இரண்டாவது உயர் அழுத்தத்துக்குச் செய்த தடித்த உருளை. இதில் குழம்பினால் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடைக்காது. எந்தச் சிலிண்டரானாலும் கழுத்துப் பக்கம் முத்திரை இருக்கும்: வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், கடைசியாகச் சோதித்த தேதி. 200 பார் சிலிண்டருக்குப் பொதுவாகச் சோதனை அழுத்தம் 300 பார். முத்திரை இல்லை, அல்லது யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்றால் அது வெறும் பழைய இரும்பு. பயன்படுத்திய சிலிண்டர் வாங்குவதில் தவறே இல்லை, நான் அதைத்தான் சொல்வேன், ஆனால் வாங்கிய கையோடு ஹைட்ரோ டெஸ்டுக்கு, அதாவது மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனைக்குக் கொண்டுபோய்விட்டுப் பிறகு நிரப்புங்கள். அந்தச் சோதனைக் கட்டணத்தையும் சிலிண்டர் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், "சும்மா கிடைத்தது" என்பது எவ்வளவுக்குக் கிடைத்தது என்று தெரியும்.

இப்போது வெப்பம். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவது எல்லோருக்கும் தெரியும். அழுத்தம் கூடக்கூட அதே சங்கதி பயங்கரமாகிவிடும். 27 டிகிரி காற்றை வெப்பம் வெளியே போக விடாமல் நான்கு மடங்கு அழுத்தினால் 170 டிகிரியைத் தாண்டும். எட்டு மடங்கு என்றால் 270. ஒரே அடியில் 200 மடங்கு என்றால் கணக்குப்படி 1,000 டிகிரிக்கும் மேல். நிஜத்தில் சுவர் வழியாக வெப்பம் கசிவதால் இவ்வளவு வராது, இருந்தாலும் ஆயில் கருகவும், சீல் உருகவும், சில சமயம் உள்ளேயே தீப்பிடிக்கவும் தாராளமாகப் போதும். அதனால்தான் ஸ்டேஜ் ஸ்டேஜாக அழுத்துகிறார்கள். 200 பாருக்கு நான்கு ஸ்டேஜ் வைத்தால் ஒவ்வொன்றும் நான்கு மடங்குக்கும் குறைவாகத்தான் அழுத்துகிறது, நடுநடுவே குளிரவைத்தால் எந்த இடத்திலும் 165 டிகிரியைத் தாண்ட வேண்டியதில்லை. மூன்று ஸ்டேஜ் என்றால் 220 சுமார். இரண்டு ஸ்டேஜ் என்றால் 360-க்கு மேல்.

மலிவாகக் கிடைக்கும் சின்ன மின்சாரக் கம்ப்ரசர்களில் பெரும்பாலும் இரண்டே ஸ்டேஜ். விலை குறைவாக இருப்பதன் ரகசியம் அதுதான். ஆகவே அவற்றைத் திட்டிப் பயனில்லை, எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சின்னச் சிலிண்டருக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீரால் குளிர்விக்கும் வகை என்றால் ஒரு வாளித் தண்ணீரும் சின்ன மோட்டாரும் போதும், தண்ணீர் வெதுவெதுப்பானால் மாற்றுங்கள், ஐஸ் போடலாம். தலைப்பகுதியின் வெப்பநிலை 60, 65 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். நான் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்து அறைக்குப் போவதில்லை. தானாக நிற்கும் ஸ்விட்ச் இருக்கிறது என்று நம்பி விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அந்த ஸ்விட்ச் பழுதானால் அதற்கு அடுத்து இருப்பது அழுத்தம் மீறினால் உடைந்து காற்றை வெளியே விடும் பர்ஸ்ட் டிஸ்க் என்கிற அந்த ஒரு மெல்லிய செம்புத் தகடு மட்டும்தான். அது அதன் வேலையைச் செய்யும், அதற்காகவே அது இருக்கிறது. ஆனால் கூடுதல் காற்றை வெளியேற்றும் அன்றாட வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது. அது உடைந்தால் அதே அளவுள்ள, அதே அழுத்தத்துக்கான அசல் டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும். நாணயத்தை வெட்டிப் போடுவது, இரண்டு தகடு சேர்த்துப் போடுவது எல்லாம் பாதுகாப்பைக் கழற்றி எறிவதற்குச் சமம்.

கைப்பம்பும் நல்ல வழிதான், தேவை சின்னதாக இருந்தால். கணக்கைப் பாருங்கள். 10 லிட்டரை 200 பாருக்கு ஏற்ற, உராய்வே இல்லாமல், காற்று சூடாகாமல் பார்த்துக்கொண்டாலும் 860 கிலோஜூல் சுமார் தேவை (சட்டென்று விரியும்போது வாயு குளிர்ந்துபோவதால் இதில் பாதிகூடத் திரும்ப வராது, மேலே 400 என்று சொன்னது அதனால்தான்). ஒரு மனிதர் விடாமல் 100 வாட் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நிஜத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது. அதே 300 மில்லிக்கு நாலைந்து நிமிடக் கணக்கு, நிஜத்தில் பத்து நிமிடம், கொஞ்சம் வியர்வை. கைப்பம்பின் கடைசி ஸ்டேஜ் பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால் பென்சில் மாதிரி மெல்லியதாக இருக்கும். அதற்கும் காரணம் உண்டு: 6 மில்லிமீட்டர் பிஸ்டனை 200 பாருக்கு எதிராகத் தள்ள 58 கிலோ எடையைப் போட்டால் போதும், ஆள் ஏறி நின்று அமுக்கிவிடலாம். 25 மில்லிமீட்டர் பிஸ்டன் என்றால் ஒரு டன் வேண்டும். கைப்பம்பில் பிடித்த இன்னொரு விஷயம், களைத்துப்போய் நாமே நிறுத்திவிடுகிறோம், பம்புக்கும் ஆற நேரம் கிடைக்கிறது. அவசர அவசரமாக அடித்தால் சீல்தான் முதலில் போகும்.

தண்ணீரைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 21 கிராம் நீராவி இருக்கிறது. 10 லிட்டரை 200 பாருக்கு நிரப்ப 2 கன மீட்டர் காற்று உள்ளே போகிறது, கூடவே 40 கிராம் தண்ணீரும். அழுத்திய பிறகு அந்த 10 லிட்டரில் ஆவியாகவே இருக்க முடிவது 0.3 கிராம்தான். மீதி முழுக்கத் தண்ணீராக வழிந்தே ஆக வேண்டும், எங்கே வழிகிறது என்பதுதான் கேள்வி. தண்ணீரைப் பிரித்து நிறுத்தும் செபரேட்டரில் வழிந்தால் நல்லது, சிலிண்டருக்குள் வழிந்தால் துரு. வடிகால் வால்வைக் கால் திருகு திறந்தால் முதலில் ஒரு சீறல், அப்புறம் பால் போன்ற வெள்ளை நுரை தெறிக்கும்: தண்ணீரும் ஆயிலும் கலந்தது, கருகிய நெடி அடித்தால் கம்ப்ரசர் தாங்க முடியாத சூட்டில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நுரை நின்று உலர்ந்த காற்று மட்டும் வரும்வரை விட்டு மூட வேண்டும். மழைக்காலத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தாலும் அதிகம் இல்லை. செபரேட்டருக்கு அடுத்து, ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை மணிகள் நிரப்பிய ஃபில்டர், ஆயில் நெடிக்கு ஆக்டிவேட்டட் கார்பன். வெறும் பஞ்சு வைத்த ஃபில்டர் கண்துடைப்பு. ஃபில்டருக்குப் பின்னால் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் வால்வு ஒன்று இருந்தால், அதாவது உள்ளே 100 பாருக்கு மேல் ஏறிய பிறகுதான் காற்றை வெளியே விடும் வகை, மணிகள் நன்றாக உறிஞ்சும். அழுத்தம் குறைவாக இருக்கும்போது காற்று விரைந்து ஓடிவிடும், ஈரத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரைஃபிளுக்கு என்று விற்கும் மலிவான கம்ப்ரசரில் நிரப்பிய காற்றை யாரும் சுவாசிக்கக் கூடாது. சூடேறிய ஆயில் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை இல்லை. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 12021 அனுமதிப்பது பத்து லட்சத்தில் 5 பங்கு மட்டுமே, ஏனென்றால் கடலுக்கு அடியில் 30 மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் நான்கு மடங்கு, விஷத்தின் வீரியமும் நான்கு மடங்கு. ஈரத்தோடு நெடுநாள் கிடந்த இரும்புச் சிலிண்டரில் இன்னொரு ஆபத்து: துருப்பிடிக்கும்போது உள்ளே உள்ள ஆக்சிஜனைத் துருவே தின்றுவிடும். திறந்தால் காற்று வரும், கேஜ் சரியாகக் காட்டும், ஆனால் உயிர்க்காற்று குறைந்திருக்கும். டைவிங்குக்கு நிரப்ப வேண்டும் என்றால் முறையான நிரப்பும் நிலையத்துக்குப் போங்கள், அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆக்சிஜன் இன்னும் வேறு உலகம். 200 பார் ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வைச் சட்டென்று திறந்தால், அடுத்த முனை மூடியிருக்கும் ஹோஸில் உள்ள வாயு ஒரே கணத்தில் அழுத்தப்பட்டு நான் மேலே சொன்ன அந்த 1,000 டிகிரிக்கு அருகில் போகிறது. அந்த முனையில் ஒரு துளி கிரீஸ், ஒரு ரப்பர்த் துணுக்கு இருந்தால் போதும், பற்றிக்கொள்ளும், பிறகு உலோகமே எரியும். ஆகவே ஆக்சிஜனை மெதுவாகத் திறக்கும் ஊசி வால்வால்தான் திறக்க வேண்டும், கால் திருகில் முழுசாகத் திறக்கும் பால் வால்வு கூடாது. பெட்ரோலிய ஆயிலோ கிரீஸோ எங்கும் படக் கூடாது, ஆக்சிஜனுக்கென்றே உள்ள ஃப்ளோரின் வகை கிரீஸ் மட்டும். காற்று அழுத்திய கம்ப்ரசரில் ஆக்சிஜனை விடவே கூடாது. இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்கலாம் என்று நினைக்கும் நிலையில் இருந்தால், தயவுசெய்து நிரப்பிய சிலிண்டரையே வாங்குங்கள்.

உண்மையைச் சொன்னால் நைட்ரஜன், ஆர்கான், ஹீலியம் மாதிரி வாயுக்களுக்கு இதைவிட மலிவான வழி அழுத்தாமலே இருப்பது. வாயு விற்பவர்கள் ஏற்கெனவே 150, 200 பாருக்கு அழுத்தித்தான் தருகிறார்கள், அவர்களுடைய நான்கு ஸ்டேஜ் கம்ப்ரசரின் வேலையை நாம் ஏன் திரும்பச் செய்ய வேண்டும்? 50 லிட்டர், 200 பார் சிலிண்டர் ஒன்றிலிருந்து காலியான 10 லிட்டர் சிலிண்டருக்குத் திறந்துவிட்டால் இரண்டும் 167 பாரில் வந்து நிற்கும். அதோடு நிறுத்தாமல் இரண்டாவது பெரிய சிலிண்டரைத் திறந்தால் 194-க்கு மேல். மூன்றாவதைத் திறந்தால் 199. வரிசைதான் முக்கியம்: அழுத்தம் குறைந்துபோன பெரிய சிலிண்டரை முதலில், நிறைந்ததைக் கடைசியில். தலைகீழாகச் செய்தால் நல்ல சிலிண்டரின் அழுத்தம் வீணாக இறங்கிவிடும். மோட்டார் இல்லை, ஆயில் இல்லை, ஈரம் இல்லை. மெதுவாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி 60 டிகிரியில் 200 பார் காட்டும், 20 டிகிரிக்கு ஆறியதும் 176-தான் மிஞ்சும், நிரப்பியவர் ஏமாந்துபோவார்.

அதற்கும் மேலே அழுத்தம் வேண்டும் என்றால் காற்றால் ஓடும் பூஸ்டர். பெரிய பிஸ்டன் ஒன்று, அதோடு கோத்த சின்ன பிஸ்டன் ஒன்று. பரப்பு விகிதம் 30 என்றால் பட்டறைக் கம்ப்ரசரின் 7 பார் காற்று 210 பாரைத் தரும். இந்தக் கருவி எனக்கு மிகவும் பிடிக்கும். விசை சமமானதும் தானாக நின்றுவிடும், எரிந்துபோக மோட்டார் இல்லை, தீப்பொறி இல்லை, ஓட்டும் காற்றின் அழுத்தத்தை ஒரு சாதாரண ரெகுலேட்டரால் கட்டுப்படுத்தினால் உச்ச அழுத்தமும் கட்டுக்குள் வந்துவிடுகிறது. பயன்படுத்தியது கிடைத்தால் சீல் மட்டும் மாற்றி ஓட்டலாம். ஆனால் வெளிக்காற்றிலிருந்து நேரடியாக 200 பாருக்கு இழுக்க இதனால் முடியாது. சிலிண்டர் முனையில் பிஸ்டன் எட்டாத சிறு இடைவெளி எப்போதும் இருக்கும், அதில் மாட்டிக்கொண்ட வாயு பிஸ்டன் பின்வாங்கும்போது விரிந்து மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டால் புதிய வாயு உள்ளே வர வழியில்லை. உள்வரும் வாயு ஏற்கெனவே சில பத்து பாரில் இருந்தால் அருமையாக வேலை செய்யும், பாதி தீர்ந்த சிலிண்டரில் மிஞ்சியதை ஏற்றிக்கொள்ள இதைவிட நல்லது இல்லை.

பழங்காலத்தில் இதற்குத் திரவத்தையே பிஸ்டனாக வைத்தார்கள். 1877-ல் பிரான்சில் கயெத்தே என்ற இயற்பியலாளர் ஆக்சிஜனைச் சுமார் 300 வளிமண்டல அழுத்தத்துக்கு ஏற்றித் திடீரென்று விட்டு, குளிர்ந்து பனிமூட்டமாகத் திரண்டதைக் காட்டினார். அவர் வாயுவை அழுத்தியது பாதரசத்தால், பாதரசத்தைத் தள்ளியது தண்ணீர். திரவத்துக்கு இடைவெளியும் கிடையாது, சீலும் வேண்டாம். இன்றைக்கும் தண்ணீர்ப் பம்பை வைத்துச் சிலர் இப்படிச் செய்கிறார்கள், நல்ல யோசனைதான், வாயு ஈரமாகிவிடும் என்பதைத் தவிர. தண்ணீருக்குப் பதில் ஹைட்ராலிக் ஆயிலை விட்டுக் காற்றை அழுத்துவது மட்டும் கூடவே கூடாது. ஆயிலும் சூடான காற்றும் சேர்ந்தால் டீசல் என்ஜின் மாதிரித் தானாகவே பற்றிக்கொள்ளும். ஹைட்ராலிக் அக்யுமுலேட்டரில் (ஆயிலை அழுத்தத்தோடு சேமித்து வைக்கும் கலன்) எப்போதும் நைட்ரஜனை மட்டும் ஏற்றச் சொல்வது இதனால்தான்.

மரை. இதற்காகவே தனிப் பதிவு எழுதலாம். எம்10×1 என்ற மெட்ரிக் மரையும் 1/8 இன்ச் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரையும் கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் வெளிவிட்டம் 10 மில்லிமீட்டர், இன்னொன்று 9.73. ஒன்றின் புரி இடைவெளி 1 மில்லிமீட்டர், இன்னொன்று 0.907. மாற்றிப் போட்டாலும் இரண்டு மூன்று சுற்று ஏறும், அப்புறம் இறுகும், "சரியாகப் பிடித்துவிட்டது" என்று தோன்றும். இதைவிட மோசமானது சிலிண்டர் கழுத்தில் நடப்பது: எம்25×2 வால்வு, 3/4 இன்ச் மரையுள்ள சிலிண்டருக்குள் லூசாக ஏறிவிடும். மரையின் நுனிகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் நன்றாக அடைத்துக்கொள்வதால் கசிவும் தெரியாது. ஏற்ற ஏற்றத் தாங்கிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று வால்வு துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். இதில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். புரி அளக்கும் மரை கேஜ் ஒன்று, வெர்னியர் ஒன்று, இரண்டும் சேர்த்தாலும் ஒரு நல்ல ஹோஸின் விலை ஆகாது. வால்வின் மேலும் சிலிண்டரின் மேலும் பொறித்திருக்கும் மரைக் குறியீட்டைப் படித்து, அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் மாட்டுங்கள்.

ஓ-ரிங் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. நல்ல சீல் அழுத்தம் கூடக்கூட இன்னும் இறுகும், ஆகவே 10 பாரில் கசிந்து 100 பாரில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். கழற்றும்போது ஓ-ரிங்கின் ஒரு விளிம்பு எலி கடித்த மாதிரி இருந்தால் அது இடுக்கில் பிதுங்கியிருக்கிறது, கடினமான ரப்பர் வகையும் பின்னால் ஒரு டெஃப்ளான் வளையமும் வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் பயன்படுத்திய ஓ-ரிங் ஊதிப்போய் உள்ளே கொப்புளம் வைக்கும், ரப்பருக்குள் ஊறிய வாயு அழுத்தம் இறங்கியதும் வெளியே வர முண்டுவதால். அதைத் திரும்பப் போடாதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேஜ் வாங்கினால் முன்பக்கம் திடச்சுவரும் பின்பக்கம் திறந்துகொள்ளும் மூடியும் உள்ளது, அளவு உச்சம் வேலை அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். ஹோஸின் இரண்டு முனையையும் கம்பிக் கயிற்றால் கட்டி வையுங்கள், கழன்றால் சாட்டையாக அடிக்கும். கசிவை விரலால் தேடாதீர்கள், சோப்புத் தண்ணீர்தான், ஏனென்றால் உயர் அழுத்த வாயு தோலுக்குள் புகுந்துவிடும். அழுத்தம் உள்ளே இருக்கும்போது எந்த நட்டையும் இறுக்காதீர்கள், கசிகிறதென்றால் முழுக்க இறக்கிவிட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ப்ளீட் வால்வு கட்டாயம், இரண்டு வால்வுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வாயுவை இறக்க வேறு வழி இருக்காது. புதிதாகக் கோத்த குழாய் அமைப்பை முதலில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல், கையால் இயக்கும் ஹைட்ரோ டெஸ்ட் பம்பால் ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பாருங்கள். சிலிண்டர்க் கடையில் செய்யும் அதே வேலைதான், சின்ன அளவில்.

சில வாயுக்கள் அழுத்தவே கூடாதவை. அசிட்டிலீன் 1.5 பாருக்கு மேல் ஆக்சிஜன் இல்லாமலே தானாகச் சிதைந்து வெடிக்கும், சிலிண்டரில் அதை அசிட்டோனில் கரைத்து, நுண்துளை நிரப்பிக்குள் வைத்திருப்பதால்தான் அடங்கியிருக்கிறது. எரிவாயுவும் காற்றும் கலந்த எதையும் அழுத்தாதீர்கள், அதற்கு விளக்கமே வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு வேறு மாதிரி: 20 டிகிரியில் 57 பாரிலேயே திரவமாகிவிடும், ஆகவே பம்ப் வேண்டாம். வாயுவை வாங்கிக்கொள்ளும் காலிச் சிலிண்டரை ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, கொடுக்கும் சிலிண்டரைத் தலைகீழாக வைத்தால் திரவம் தானாக இறங்கும். ஆனால் கேஜைப் பார்த்து நிரப்பக் கூடாது, தராசில் வைத்துத்தான். திரவம் இருக்கும்வரை கேஜ் ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும், முழுக்கத் திரவமாக நிறைந்துவிட்டால் கொஞ்சம் சூடேறினாலும் அழுத்தம் எகிறும். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு முக்கால் கிலோவைத் தாண்டவே கூடாது.

கடைசியாக, சாண எரிவாயுவை ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரால் சமையல் சிலிண்டருக்குள் ஏற்றும் வீடியோக்கள். பார்க்க அழகாக இருக்கிறது, கணக்கு உதைக்கிறது. மீத்தேன் மைனஸ் 82 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. 30 லிட்டர் சிலிண்டரில் 10 பாருக்கு ஏற்றினால் கிடைப்பது 300 லிட்டர் சாண வாயு, அதில் மீத்தேன் 180 லிட்டர், அது 140 கிராம் சமையல் வாயுவுக்குச் சமம். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ சமையல் வாயு கொள்ளும் இடத்தில் 140 கிராம்! இதற்காக, ஈரமும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கலந்த வாயுவால் இரும்பை அரித்து, உறிஞ்சும் பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் காற்றை உள்ளே இழுத்துவிடக்கூடிய கம்ப்ரசரை எரிவாயுவுக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டுமா? அடுப்புக்குத் தேவைப்படுவது சில சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் மட்டும். ஒரு பெரிய பலூன் பை, அதன் மேல் கொஞ்சம் பளு, நடுவில் தண்ணீர் வடியும் பொறி ஒன்று, அடுப்பின் ஜெட் துளையைச் சாண வாயுவுக்கு ஏற்றபடி கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டால் வேலை முடிந்தது.